ஊசி இல்லாமல் நூல் கோர்ப்பது எப்படி: ஒரு தையல்காரியின் மெத்தட் நடிப்புப் பாடம்

முதலில் ஒரு கை ஊசியும் கொஞ்சம் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலைக் கோருங்கள். உருவிவிட்டு மறுபடி கோருங்கள். இப்படி ஒரு பத்துத் தடவை. அவசரமே வேண்டாம், கை என்ன செய்கிறது என்று கவனித்துக்கொண்டே செய்யுங்கள். அப்புறம் இரண்டையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, வெறும் கையால் அதே வேலையைச் செய்து காட்டுங்கள்.

முக்கால்வாசிப் பேர் இரண்டு கையையும் மூக்குக்கு நேரே கொண்டுவந்து ஒட்டிவிட்டு, "கோர்த்தாச்சு" என்பார்கள். எங்கே கோர்த்தாய்? நிஜமாகக் கோர்த்தபோது நூல் முனையை உதட்டில் வைத்து ஈரப்படுத்தினாய். ஊசியை ஜன்னல் பக்கம் திருப்பினாய். ஒரு கண் தானாகச் சுருங்கியது, மூச்சு நின்றது. முதல் தடவை நூல் பிரிந்து ஓர் இழை ஊசிக் காதுக்குள் போக, இன்னோர் இழை வெளியே மீசை மாதிரி நின்றது. அந்தப் பிசிறைக் கடித்துத் துப்பினாய். நாற்பதைத் தாண்டியவர் என்றால் ஊசியை இன்னும் ஒரு சாண் தள்ளிப் பிடித்திருப்பார். நூல் உள்ளே போன பிறகுதான் மூச்சு வெளியே வந்தது.

இத்தனையும் வெறும் கையில் வந்துவிட்டால் எதிரே இருப்பவர் கண்ணுக்கு ஊசி தெரியும். இதற்குப் பெயர் புலன் நினைவு, மெத்தட் என்கிற நடிப்பு முறையின் முதல் பாடம். அமெரிக்கப் பட்டறைகளில் ஒரு கோப்பை காபியை வைத்துத்தான் இதை ஆரம்பிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். காபி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. எனக்குக் கை பழகியது ஊசி, அதனால் ஊசி.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு தையற்கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், சேலைக்கு ஃபால்ஸ், அவ்வளவுதான் நம் ராஜ்ஜியம். புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் பழகும் ஒரு குழு உடை தைத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டது. அளவெடுக்கப் போன அன்று ஒரு பெண் வரவில்லை, அவள் வசனத்தைச் சும்மா படியுங்கள் என்று என்னை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை, பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதப் பயிற்சி என் பொறுப்பு.

அவர்கள் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "அக்கா, மெத்தட்னா கேரக்டராவே வாழறதுதானே? பத்து நாள் குளிக்காம, யாரோடயும் பேசாம?" குளிக்காமல் இருக்க எதற்குப்பா பயிற்சி என்பேன். ஒருமுறை குடிகாரன் வேஷம் போட்ட பையன் நிஜமாகவே குடித்துவிட்டு ஒத்திகைக்கு வந்தான். கேட்டால் மெத்தட் என்றான். அன்றைக்கு அவனுக்கு வசனமும் வரவில்லை, தள்ளாட்டமும் ஒழுங்காக வரவில்லை. நிஜக் குடிகாரன் தள்ளாடாமல் நடக்கத்தான் பாடுபடுவான், அதை நிதானத்தில் இருக்கிறவனால்தான் நடிக்க முடியும்.

அதனால் இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு பழகுவது நல்லது.

மூலவர் ரஷ்ய நாடக நடிகரும் இயக்குநருமான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. 1863இல் பிறந்தவர். வீட்டுப் பெயர் அலெக்ஸேயெவ், ஸ்தனிஸ்லாவ்ஸ்கி என்பது மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். மாஸ்கோவில் அந்தக் குடும்பத்துக்குத் தங்க, வெள்ளி இழை செய்கிற தொழிற்சாலை இருந்தது. நம் பாஷையில் சொன்னால் ஜரிகைக்காரர் வீட்டுப் பிள்ளை. இதைப் படித்த நாளிலிருந்து அவர் எனக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். 1897இல் நெமிரோவிச் தான்சென்கோ என்பவரோடு ஓர் உணவகத்தில் மதியம் உட்கார்ந்து, 18 மணி நேரம் பேசி, அடுத்த வருஷமே மாஸ்கோ கலை நாடக அரங்கைத் தொடங்கினார்.

ஆனால் நமக்கு வேண்டிய வருஷம் 1906. பெயரும் புகழும் வந்தபிறகு, விடுமுறைக்குப் பின்லாந்து போன இடத்தில், அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. மேடையில் கை அசைகிறது, முகம் சுருங்குகிறது, ஜனங்கள் கைதட்டுகிறார்கள், உள்ளே ஒன்றுமில்லை. ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற பொம்மைக்குப் பட்டுச்சேலை கட்டிய மாதிரி. முதல் நாள் தானாக வந்த உணர்ச்சி ஐம்பதாவது நாளும் வர என்ன வழி என்று அதன்பிறகு ஆயுள் முழுக்கத் தேடினார். உணர்ச்சி நினைவு பற்றிப் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ எழுதியதையும் படித்தார், நம் யோகப் பயிற்சிகளையும் எடுத்துக்கொண்டார். பிராணன் என்ற சொல்லையே பயன்படுத்தினார்.

அவர் குழு 1923இல் அமெரிக்கா போனது. அவரிடம் பழகிய போலெஸ்லாவ்ஸ்கியும் உஸ்பென்ஸ்காயாவும் நியூயார்க்கில் தங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்தவர்களில் லீ ஸ்ட்ராஸ்பெர்க், ஹெரால்ட் கிளர்மன், ஸ்டெல்லா ஆட்லர் மூவரும் உண்டு. 1931இல் ஸ்ட்ராஸ்பெர்க்கும் கிளர்மனும் செரில் கிராஃபோர்டும் குரூப் தியேட்டர் தொடங்கினார்கள். மெத்தட் என்று நாம் சொல்வது அங்கே முளைத்ததுதான். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன்னுடையதை சிஸ்டம் என்றுதான் சொன்னார்.

அப்புறம் சண்டை. ஒரே துணியை மூன்று டெய்லரிடம் கொடுத்த கதை. ஸ்ட்ராஸ்பெர்க், உன் சொந்த வாழ்க்கையில் பட்டதை எடுத்து வா என்றார். ஸ்டெல்லா ஆட்லர் 1934இல் பாரிஸுக்குப் போய், ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்துச் சில வாரம் பழகிவிட்டு வந்து, பெரியவர் இப்போது அதை அவ்வளவாக நம்பவில்லை, பாத்திரம் நிற்கிற சூழ்நிலையையும் கற்பனையையும்தான் பிடிக்கச் சொல்கிறார் என்றார். அதே குரூப் தியேட்டரில் இருந்த மெய்ஸ்னர், எதிரே நிற்கிறவனைப் பார், அவன் தருவதை வாங்கு என்றார். 1947இல் இயக்குநர் எலியா கஸானும் மற்றவர்களும் ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நடிப்புப் பட்டறையை ஆரம்பித்தார்கள். 1951இல் ஸ்ட்ராஸ்பெர்க் அதன் தலைமைக்கு வந்து 1982இல் சாகும்வரை இருந்தார், மெத்தட் என்றால் அவர் பெயர் என்று ஆகிவிட்டது. ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோவை மெத்தட்டின் முகம் என்பார்கள். அவரோ தன் குரு ஸ்டெல்லா ஆட்லர் என்றுதான் கடைசிவரை சொன்னார்.

நான் மூன்று பேரிடமிருந்தும் வெட்டி ஒட்டித் தைக்கிறவள். எங்கள் நாடகம் ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

நாற்பது நிமிஷ நாடகம், எனக்கு ஒரே ஒரு காட்சி. அறுபது வயதுக்காரி ஒருத்தி அடகுக்கடைக்கு வருகிறாள். அம்மா போட்டிருந்த கல் தோட்டை மூன்று வருஷத்துக்கு முன் வைத்திருக்கிறாள். மீட்கப் பணத்தோடு வந்திருக்கிறாள். கடைக்காரப் பையன் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது ஏலத்துல போயிடுச்சும்மா" என்கிறான். பிரதியில் அதற்குக் கீழே ஒரே வார்த்தை: அழுகிறாள்.

அந்த வார்த்தையை முதலில் பென்சிலால் அடியுங்கள். அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மேடை ஏறினால் முகம் கோணும், கண் காய்ந்துகிடக்கும்.

அதற்குப் பதில் நோட்டு எடுங்கள். நான் கடை ஆர்டர் நோட்டில்தான் எழுதினேன், ஒரு பக்கம் வாடிக்கையாளர் அளவு, மறுபக்கம் இவள். பெயர் பாக்கியம். திருவந்திபுரம் பக்கத்துக் கிராமம். திருப்பாதிரிப்புலியூரில் பஸ் இறங்கி நடந்து வந்தாள். மணி பதினொன்று. காலையில் காபி மட்டும், பணம் மீந்தால் திரும்பும்போது சாப்பிடலாம் என்று. பணம் சுருக்குப்பையில், சுருக்குப்பை இடுப்பில். அடகுச் சீட்டு ரேஷன் கார்டு கவருக்குள், நாலாக மடித்து. கடைக்காரப் பையனைத் தம்பி என்பாள், அவன் அப்பாவை மொதலாளி என்றுதான் கூப்பிட்டாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தாளா? விட்டாள். கடைக்குள் ஏசி, வெறுங்காலில் டைல்ஸ் சில்லென்று இருக்கிறது. இந்தக் கடைசி வரியை எழுதியபோதுதான் எனக்கு அவள் உடம்பு கிடைத்தது. கால் விரலை மடக்கிக்கொண்டு நிற்கிறவள் அவள்.

இப்படி எழுதும்போது கதைப் புத்தகம் மாதிரி சுயசரிதை எழுதாதீர்கள். பிள்ளைகள் பத்துப் பக்கம் எழுதி வருவார்கள், பாத்திரத்தின் பிடித்த நிறம் உட்பட. நிறம் எதற்கு? கையாலோ காலாலோ செய்ய முடிகிற தகவல் மட்டும் போதும்.

அடுத்தது, ஏன் அழுகை. இங்கே ரஷ்யாவை விட்டுவிட்டு நம் வீட்டுப் பெட்டியைத் திறப்பேன். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நாலு நாலு காரணம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. மற்றவர் முன் சிறுமைப்படுவது, இழப்பது, இருந்த நிலை கெட்டுத் தாழ்வது, இல்லாமை. பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு மறந்தாயிற்று. நடிக்க வந்தபிறகுதான் இது எவ்வளவு பெரிய கருவி என்று தெரிந்தது.

ஏனென்றால் நாலு காரணத்துக்கும் நாலு விதமாக உடம்பு வேலை செய்யும். பாக்கியம் இழவுக்காக அழுதால் அது அம்மாவின் தோடு, கை காது மடலுக்குப் போகும். வறுமைக்காக என்றால் பணத்தை மறுபடி எண்ணுவாள், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் கிடைக்குமா என்பாள். அசைவு என்றால், ஒரு காலத்தில் நாலு பேருக்குக் கொடுத்த வீடு எங்களுடையது என்று யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பிப்பாள். இளிவு என்றால்? பின்னால் பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அழுதுவிடாமல் வெளியே போய்விட வேண்டும்.

நாலையும் செய்து பார்த்தேன். இளிவுதான் பொருந்தியது. அதோடு, ஸ்தனிஸ்லாவ்ஸ்கி திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விக்கும் பதில் வந்துவிட்டது: இவளுக்கு இந்த நிமிஷம் என்ன வேண்டும்? அழாமல் வாசலைத் தாண்ட வேண்டும். வாசல் எட்டடி தூரம்.

இப்போது சொந்த நினைவுக்கு வருவோம். இதில்தான் கையைச் சுட்டுக்கொள்வார்கள். நானும் சுட்டுக்கொண்டேன்.

அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அம்மா தோடு என்று வசனம் வேறு. அதையே நினைத்துக்கொண்டு ஒத்திகையில் இறங்கினேன். அழுகை வந்தது. வந்தது என்றால் வசனம் தொண்டையில் நிற்க, மூக்கு ஒழுக, எதிரே நின்ற பையன் நடிப்பை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுத்து வர ஓடினான். சுற்றி இருந்தவர்கள் பிரமாதம் என்றார்கள். மறுவாரம் அதே இடத்தில் அதே நினைவை இழுத்தேன், ஒன்றுமே வரவில்லை. அதைவிட மோசம், அன்று ராத்திரி வீட்டில் அம்மா படத்துக்கு விளக்கேற்றும்போது, மேடையில் இந்த முகத்தை எப்படி வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதோடு அதை நிறுத்தினேன்.

ஸ்ட்ராஸ்பெர்க்கே ஒரு கணக்கு வைத்திருந்தார். எடுக்கிற நினைவுக்குக் குறைந்தது ஏழு வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஆறாத புண்ணைத் தொடக்கூடாது. இன்னொன்றும் சொன்னார், உணர்ச்சியை நேரே தேடாதே, சம்பவத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் நின்று, என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், என்ன வாசம் வந்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வா என்று.

நான் அப்புறம் எடுத்தது ‘தானே’ புயல். 2011 டிசம்பர் 30 விடிகாலை. கடலூர்க்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கடையின் தகரக்கூரை போய்விட்டது. உள்ளே தை மாதக் கல்யாணத்துக்குத் தைத்து மடித்து வைத்த பட்டு பிளவுஸ்கள். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். ஆனால் ஸ்ட்ராஸ்பெர்க் சொன்னபடி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி ஒவ்வொன்றாகத் தொட்டேன். கணுக்கால் அளவு தண்ணீர். மிஷின் எண்ணெயும் ஈரத்துணியும் கலந்த வாசம். நூல்கண்டுகள் மிதக்கின்றன, பச்சை, மாம்பழ மஞ்சள், ராணி கலர். அரக்குச் சிவப்புப் பட்டிலிருந்து சாயம் இறங்கித் தண்ணீரில் கோடு கோடாகப் போகிறது. அப்புறம் வாசலில் ஒரு வாடிக்கையாளர் அம்மா வந்து நிற்கிறார். திட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பிளவுஸைக் கண்டுபிடித்து எடுத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டிய சத்தம்.

அந்த முறுக்கிய கையில் வந்து நின்றதும் எனக்கு முகம் சூடானது. அதுதான் இளிவு. கூரை போனதில் இல்லை, புயலின் சத்தத்தில் இல்லை, ஒரு பிளவுஸைப் பிழிந்த கையில் இருந்தது. உங்களுக்கும் இப்படித்தான், பெரிய சம்பவத்துக்குள் எங்கோ ஒரு சின்னப் பொருளில் ஒளிந்திருக்கும். தேடினால்தான் கிடைக்கும், ஒரே நாளில் கிடைக்காது. எனக்கு மூன்று ஞாயிறு ஆனது.

இந்த உட்காரும் பயிற்சிக்கு ஒரு முன்வேலை உண்டு. கை இல்லாத மர நாற்காலி, அதில் தூங்கிவிடலாம் போலத் தளர்ந்து உட்காருங்கள். கழுத்தின் பின்புறம், புருவம், தாடை, கட்டைவிரல் என்று ஒவ்வொரு இடமாக இறுக்கம் இருக்கிறதா என்று பார்த்து விடுங்கள். நடுவில் ஆ என்று ஒரு நீண்ட சத்தம், வயிற்றிலிருந்து. தையல்காரர்களுக்கு வலது தோள் எப்போதும் கல். பதினைந்து நிமிஷம் கொடுங்கள். இறுகிய உடம்புக்குள் எந்த நினைவும் வராது. தூக்கம் வந்தால் தூங்கிவிட்டு மறுநாள் செய்யுங்கள், தப்பில்லை.

அப்புறம் மேடை. மேடையில் புயலை நினைக்கிறேனா? இல்லை. ஒத்திகையில் கிடைத்த சூட்டை ஒரு செயலில் முடிந்துவைத்துவிட்டேன். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன் கடைசிக் காலத்தில் போய்ச் சேர்ந்த இடமும் இதுதான்: செயலைச் சரியாகச் செய், உணர்ச்சி பின்னால் வரும். என் செயல் சீட்டை மடிப்பது. ஏலத்தில் போய்விட்டது என்றதும், இனி எதற்கும் உதவாத அந்தச் சீட்டை எடுத்து, பழைய மடிப்புக் கோட்டிலேயே நாலாக மடித்து, ரேஷன் கார்டு கவருக்குள் வைத்து, கவரைப் பைக்குள் வைக்கிறேன். மூன்று வருஷம் மடிந்திருந்த தாள் என்பதால் மடிப்பு கிழிகிற மாதிரி இருக்கும், அதனால் மெதுவாக. கடைசி மடிப்பில் விரலால் நீவும்போது அந்தப் பிழிந்த கை தானாக வந்துவிடும். சில நாள் கண் கலங்கும், சில நாள் கலங்காது. முதல் காட்சியன்று கலங்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை எடுத்தார்.

ஒத்திகைக்குச் சீட்டு தினமும் புதிதாகச் செய்ய வேண்டாம். ஒரே தாளை மூன்று மாதம் பையில் வைத்து மடித்து மடித்துப் பழசாக்குங்கள். உடையும் அப்படியே. பாக்கியத்தின் சேலையை முதல் நாளிலிருந்தே கட்டிப் பழகினேன், இடுப்பில் சுருக்குப்பை எந்தப் பக்கம் என்று கை தேடக்கூடாது.

உள்ளே தோண்ட விருப்பமில்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ஆரோவில் அருகே இருக்கிற ஆதிசக்தி, வீணாபாணி சாவ்லா தொடங்கிய நாடகக் குழு, மூச்சு வழியாக உணர்ச்சிக்குப் போகிற பயிற்சியை வளர்த்திருக்கிறது. கோபத்துக்கு ஒரு மூச்சு, அச்சத்துக்கு ஒரு மூச்சு, சொந்தக் கதை எதுவும் வேண்டாம். என்னைக் கேட்டால் இருபது வயசுக்காரர்களுக்கு இதுதான் பத்திரம். அவர்களிடம் ஏழு வருஷம் ஆறிய நினைவு எத்தனை இருக்கும்?

கடைசியாக வேஷத்தைக் கழற்றுவது. இதை யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறதே, நம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், 1922இல் புதுச்சேரியில் காலமானவர், அவரைப் பற்றி நாடகக்காரர்கள் வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். அவர் எமன் வேஷத்தில் வந்ததைப் பார்த்த அதிர்ச்சியில் கூட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டதாம், அதன்பிறகு அவர் அரிதாரம் பூசவே இல்லையாம். எங்கள் பிள்ளைகள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது, அவர் நிறுத்தினார் என்பது.

நான் செய்வது இது. காட்சி முடிந்ததும் சுருக்குப்பையை இடுப்பிலிருந்து எடுத்து, பாக்கியத்தின் சேலையோடு மடித்து வைப்பேன், வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். முகம் கழுவி, என் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்வேன். கடைக்காரப் பையனாக நடித்தவனிடம் காட்சியைப் பற்றி அன்று ராத்திரி பேச மாட்டேன், டீ சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். அப்புறம் கடலூர் பஸ். அரியாங்குப்பம் வரைக்கும் பாக்கியம் கொஞ்சம் கொஞ்சம் எட்டிப் பார்ப்பாள், கால் விரல் மடங்கியே இருக்கும். முள்ளோடை தாண்டியதும் மறுநாள் கொடுக்க வேண்டிய துணிக் கணக்கை எடுத்துவிடுவேன். வக்கீல் வீட்டு அம்மாவுக்கு இரண்டு பிளவுஸ், கை நீளம் ஏழரை, ஒன்றுக்கு லைனிங். எதிர்வீட்டுப் பாப்பா யூனிஃபார்மில் ஓரம் இரண்டு இஞ்ச் இறக்க வேண்டும். இதை முணுமுணுப்பாகச் சொன்னால் போதாது, சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்காருவார், உட்காரட்டும்.